சூடோமோனாஸும் டிரைக்கோடெர்மாவும்: கீழே கன்னங்குறிச்சியிலும் மேலே ஏற்காட்டிலும் ஒரு வருடம் போட்டுப் பார்த்ததில்

போன ஆடிப்பட்டத்தில் தொடங்கி இந்த ஆடி வரை, செடி நோய்க்குப் போடும் உயிர் மருந்துகளான சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா இரண்டையும் விடாமல் போட்டுப் பார்த்தாயிற்று, அதனால் இப்போது எழுதலாம். வாங்கின மறுவாரமே 'சூப்பர்' என்று ஐந்து நட்சத்திரம் போட இது மிக்ஸி மாதிரி பெட்டியைப் பிரித்ததும் தெரிந்துவிடும் பொருள் இல்லை. ஒரு மழை, ஒரு பனி, ஒரு கோடை மூன்றையும் செடி தாண்டினால்தான் போட்ட காசுக்கு வேலை நடந்ததா என்றே தெரியும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு சேலம் கன்னங்குறிச்சி, மலை அடிவாரம். மாடியில் நாற்பது குரோ பேக், கொஞ்சம் பழைய பெயிண்ட் வாளி, ஒரு சின்னப் பந்தல். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, பீர்க்கன், புடலை போடுகிறேன். அக்கா வீடு மேலே ஏற்காட்டில், நாகலூர் பக்கம், வீட்டுக்குப் பின்னால் நல்ல மண்ணில் தக்காளி, பீன்ஸ், சௌசௌ, கொஞ்சம் கேரட். நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவுதான், ஆனால் செடிக்கு அது வேறு நாடு. கீழே ஏப்ரல் மாதம் 39, 40 டிகிரி கொளுத்தும், மேலே ஐப்பசியில் பத்து மணி வரைக்கும் மூடுபனி விலகாமல் இலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒரே பொட்டலத்தை இரண்டு இடத்திலும் போட்டதில்தான் எனக்கு விஷயமே புரிந்தது.

இதை வாங்க ஆரம்பித்ததற்குக் காரணம் நாற்று. அதற்கு முந்தின வருடம் கத்தரி, மிளகாய் நாற்று முளைத்து இரண்டு இலை விட்டு அழகாக நிற்கும், காலையில் போய்ப் பார்த்தால் மண்ணோடு ஒட்டின இடத்தில் தண்டு நீர்கோத்து மெலிந்து நூல் மாதிரி ஆகி, செடி சாய்ந்து கிடக்கும். ஒரு மூலையில் ஆரம்பித்து வட்டமாகப் பரவும். தண்ணீர் குறைந்துவிட்டது என்று நினைத்து நான் இன்னும் ஊற்றினேன், அதுதான் அதற்கு விருந்து. நாற்றழுகல் என்று பெயர், பித்தியம் என்ற கிருமி, ஈரம் தேங்கினால் வரும். மூன்று முறை விதை போட்டு மூன்று முறையும் பாதி போனது. மிளகாய் நாற்று வளர்த்தவர்களுக்குத் தெரியும், அது முளைக்கவே பத்து நாளுக்கு மேல் ஆகும், அதற்கப்புறம் சாய்ந்தால் மனசே விட்டுப்போகும்.

சரி, வாங்கின கதை. முதல் பொட்டலத்தை டவுனில் ஒரு உரக்கடையில் வாங்கினேன், பெயர் வேண்டாம். கிலோ 200 ரூபாய்க்குள்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால் விலை ஸ்டிக்கரைத் தயாரிப்புத் தேதி மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். நகத்தால் சுரண்டிப் பார்த்தால் காலாவதி ஆகி நான்கு மாதம். திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தால் "பவுடர்தானுங்க, என்ன ஆகப்போகுது" என்றார் கடைக்காரர். இந்தப் பதிலுக்காகத்தான் இதை முக்கியமாக எழுதுகிறேன். இது பவுடர் இல்லை, அந்த வெள்ளைப் பொடி வெறும் டால்க், சுமந்து வரும் வண்டி. உள்ளே இருப்பது உயிர். சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் ஒரு பாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி ஒரு பூஞ்சை. என் டிரைக்கோடெர்மா பொட்டலத்தில் ஒரு கிராமில் குறைந்தது 20 லட்சம் உயிருள்ள வித்து என்று அச்சிட்டிருந்தது, தயாரித்த நாளிலிருந்து மாதம் ஆக ஆக அந்த எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும், வெயில் படும் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்தால் இன்னும் வேகமாகப் போகும். செத்துப்போன பொட்டலத்தைப் போட்டுவிட்டு 'இயற்கை மருந்தெல்லாம் சும்மா, வேலை செய்யாது' என்று சொல்பவர்களில் பாதிப் பேர் இப்படி ஏமாந்தவர்களாக இருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த பொட்டலத்தை வேறு இடத்தில், போன மாதம் தயாரித்தது என்று தேதி பார்த்து, கடைக்குள் நிழலில் வைத்திருந்ததாகக் கேட்டு வாங்கினேன். கோவை வேளாண் பல்கலைக்கழகத் தயாரிப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள், சூடோமோனாஸில் பிஎஃப் 1 என்ற ரகத்தைப் பிரித்தெடுத்துப் பரப்பியவர்கள் அவர்கள்தான். சேலத்துக்காரர்களுக்குச் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையமும் அதே பல்கலைக்கழகத்தின் கீழ்தான் வருகிறது, போகும் முன் இருப்பு உண்டா என்று போனில் கேட்டுக்கொள்வது நல்லது.

பொட்டலம் உயிரோடு இருக்கிறதா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். டிரைக்கோடெர்மாவை நன்றாக மக்கின தொழு உரத்தில் கிலோவுக்கு 50 கிராம் வீதம் கலந்து, பிடித்தால் உருண்டை நிற்கிற அளவுக்குத் தண்ணீர் தெளித்து, நிழலில் ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்தேன். ஏழெட்டு நாளில் முதலில் வெள்ளையாக, அப்புறம் பாசி மாதிரி பச்சையாகப் பூத்தது. பச்சையாகப் பூப்பதெல்லாம் டிரைக்கோடெர்மாதான் என்று கண்ணால் உறுதி சொல்ல முடியாது, வேறு பூசணமும் பச்சையாக வரும். ஆனால் பதினைந்து நாள் ஆகியும் ஒன்றுமே பூக்கவில்லை என்றால் அந்தக் கடைப் பக்கம் மறுபடியும் போக வேண்டாம். பூத்த எருவைப் பார்த்து எங்கள் வீட்டில் 'கெட்டுப்போச்சு, கொட்டிடுங்க' என்றார்கள், நான் விடவில்லை. அந்த எருதான் வேலை செய்தது.

நாற்றுக்கு என்ன செய்தேன் என்றால், விதையைக் கிலோவுக்கு 10 கிராம் கணக்கில் சூடோமோனாஸில் புரட்டி நிழலில் உலர்த்தினேன். வீட்டு அளவுக்கு ஒரு பொட்டலம் மிளகாய் விதைக்கு ஒரு சிட்டிகை போதும், கொஞ்சம் வடித்த கஞ்சி தொட்டுக்கொண்டால் ஒட்டும். குழித்தட்டில் போடும் தேங்காய் நார்க்கழிவில் பூத்த எருவைக் கலந்தேன். வேண்டுமென்றே ஒரு தட்டுக்கு இதெல்லாம் ஒன்றும் செய்யாமல் பக்கத்திலேயே வைத்தேன், அதே விதை, அதே தண்ணீர். ஆவணி மழையில் மூன்று நாள் தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தபோது வித்தியாசம் தெரிந்துவிட்டது. ஒன்றும் செய்யாத தட்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சாய்ந்தது, செய்த தட்டுகளில் விரல் விட்டு எண்ணலாம். தை மாதம் மறுபடியும் தக்காளிக்குச் செய்து பார்த்தேன், அப்போதும் அப்படித்தான். நடும்போது லிட்டருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் கரைத்த தண்ணீரில் வேரை அரை மணி நேரம் ஊற வைத்து நட்டேன். அந்தச் செடிகளில் மழைக்காலத்தில் ஒன்றிரண்டு தவிர வாடல் வரவில்லை. முந்தின வருடம் காய்க்கிற நேரத்தில் பச்சையாகவே தொங்கிப்போன தக்காளிகளை நினைத்தால் இது எனக்குப் பெரிய விஷயம்.

எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் எங்கே வேலை செய்யாது என்பதும் புரிந்துவிடும். டிரைக்கோடெர்மா மண்ணில் மற்ற பூஞ்சையின் இழைமேல் சுற்றிப் படர்ந்து, அதன் சுவரைக் கரைத்து உள்ளே இருப்பதைத் தின்கிறது. சூடோமோனாஸ் வேரைச் சுற்றிக் குடியேறி, மண்ணிலுள்ள இரும்புச் சத்தைத் தானே பிடித்துவைத்துக்கொண்டு கெட்ட பூஞ்சையைப் பட்டினி போடுகிறது, சில நஞ்சுகளையும் சுரக்கிறது, செடியின் சொந்த எதிர்ப்பையும் தட்டி எழுப்புகிறது. ஆக இரண்டும் முன்னால் போய் இடம் பிடித்து உட்கார வேண்டியவை. பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிப்பது மாதிரி. எதிராளி ஏறி உட்கார்ந்த பிறகு துண்டு போட்டு என்ன பயன்?

இதை எனக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தது தை மாத வெண்டை. பகலில் நல்ல வெயில், ராத்திரி பனி, அந்தப் பருவத்தில் இலைமேல் கோலமாவு தூவின மாதிரி சாம்பல் நோய் வந்தது. இலையில் வரும் மற்ற பூஞ்சை நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு இலையில் தண்ணீர் நிற்க வேண்டும், சாம்பல் நோய்க்கு அதுகூட வேண்டாம், காற்றில் ஈரம் இருந்தாலே போதும், அதனால்தான் மழையே இல்லாத தை, மாசியிலும் வருகிறது. நான் சூடோமோனாஸை லிட்டருக்கு 5 கிராம் வீதம் வாரம் ஒருமுறை மூன்று வாரம் அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கோலமாவு அடி இலையிலிருந்து மேல் இலைக்கு ஏறிக்கொண்டே போனது. இதற்கு நான் பொட்டலத்தைக் குறை சொல்லமாட்டேன், வந்த பிறகு அடித்தது என் தப்பு, ஆனால் 'எல்லா நோய்க்கும்' என்று பொட்டலத்தின் பின்னால் பட்டியல் போடுகிறவர்கள் 'வருவதற்கு முன்' என்ற வார்த்தையையும் கொட்டை எழுத்தில் போடலாம்.

வெண்டைக்குக் கடைசியில் கை கொடுத்தது நனையும் கந்தகம், 80 சதவீதம் என்று போட்டு வரும், லிட்டருக்கு 2 கிராம். அடி இலைகளைக் கிள்ளிப் போட்டுவிட்டு சாயங்காலம் அடித்தேன், பத்து நாள் கழித்து இன்னொரு முறை. புது இலை சுத்தமாக வந்தது. விலை குறைவு, பழைய பொருள், நம்பலாம். ஆனால் இரண்டு எச்சரிக்கை, இரண்டும் சேலத்துக்கு ரொம்ப முக்கியம். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் அடித்தால் இலை கருகும், அதனால் மாசி பாதிக்கு மேல் நம் ஊரில் இதை மறந்துவிடுங்கள். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். பூசணி, வெள்ளரி வகைக்கும் கந்தகம் ஒத்துக்கொள்ளாது. பீர்க்கன் பந்தலின் ஓரத்தில் லேசாகச் சாரல் பட்டதற்கே இலை ஓரம் பழுத்துவிட்டது.

பீர்க்கனுக்கு அதனால் பால் அடித்தேன். சிரிக்க வேண்டாம், பிரேசிலில் 1999இல் சுக்கினிச் செடியில் இதைச் சோதித்து வெளியிட்டிருக்கிறார்கள், ஒரு பங்கு பசும்பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், வாரம் ஒருமுறை, சாம்பல் நோய் நன்றாகக் குறைந்திருக்கிறது. முதல் புள்ளி தெரிந்த அன்றே, வெயில் இருக்கும் காலை நேரத்தில் அடித்தேன், அடங்கியே இருந்தது. இலையில் கொஞ்சம் புளித்த வாடை வரும், அவ்வளவுதான். நம் ஊரில் புளித்த மோர் தெளிக்கிற பழக்கம் எப்போதும் உண்டு, ஆக இது நமக்குப் புதிதும் இல்லை.

இப்போது மேலே போவோம். அக்கா தோட்டத்தில் நடந்ததுதான் இந்த விமர்சனத்தில் எனக்கு மிகவும் கனமான பகுதி.

புரட்டாசியில் அக்காவுக்கு ஒரு கிலோ சூடோமோனாஸ் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேர் நனைத்து நட்டார், பதினைந்து நாளைக்கு ஒருமுறை இலைக்கும் அடித்தார், என்னைவிட ஒழுங்காக. ஐப்பசியில் தக்காளி இடுப்பு உயரம் வந்து காய் பிடித்திருந்தது. மூடுபனியும் சாரலுமாக நான்கு நாள். ஐந்தாம் நாள் காலையில் போன் வருகிறது, "தம்பி, நேத்து சாயங்காலம் நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப பார்த்தா வெந்நீர் ஊத்தின மாதிரி இருக்குடா." நான் மேலே போனபோது இலையெல்லாம் கருப்பும் பழுப்புமாக வெந்த கீரை மாதிரி தொங்குகிறது, இலையைத் திருப்பினால் கருகின இடத்தின் விளிம்பில் மெல்லிய வெள்ளைப் படலம், காய்மேல் பழுப்பு நிறத்தில் கல் மாதிரி கெட்டியான தழும்பு. ஒரு இலையை ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் காட்டினோம், பின்பருவ இலைக்கருகல் என்றார்கள். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே பைட்டோப்தோரா. தக்காளியும் உருளையும் ஒரே குடும்பம். குளிரும் ஈரமும் சேர்ந்தால் இதற்குக் கொண்டாட்டம், நான்கைந்து நாளில் தோட்டத்தையே முடித்துவிடும். கீழே எங்கள் மாடியில் இது எட்டிப் பார்த்ததே இல்லை, எங்கள் வெக்கை அதற்கு ஆகாது. எங்களுக்கு வருவது முன்பருவக் கருகல், அடி இலையில் வளையம் வளையமாக, அம்புப் பலகை மாதிரி புள்ளி விழுமே, அது.

நான் போவதற்கு முன்பே அக்கா ஒரு மருந்துக்கடையில் இலையைக் காட்டிக் கேட்டிருக்கிறார். கார்பெண்டாசிம் என்ற பூஞ்சை மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள். அடித்து மூன்று நாள் ஆகியும் நிற்கவில்லை. நிற்காது. பைட்டோப்தோரா உண்மையில் பூஞ்சையே இல்லை, பூஞ்சை மாதிரி வேஷம் போட்ட வேறு இனம், பாசிகளுக்குத்தான் நெருங்கின சொந்தம். கார்பெண்டாசிம் அதன் கிட்டவே போகாது. இலையைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகும் இந்த வித்தியாசம் தெரியாமல் வீட்டுத் தோட்டத்துக்கு, நாளைக்குப் பறித்துச் சாப்பிடப் போகிற காய்க்கு, செடி முழுக்க ஊடுருவும் மருந்தைக் கொடுத்து அனுப்புவது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைத்தது. கடைக்காரரிடம் காத்திருப்பு நாள் எத்தனை, அதாவது அடித்த எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்று கேளுங்கள். டப்பாவில் சாய்சதுரத்துக்குள் இருக்கும் நிறத்தையும் பாருங்கள், சிவப்பு கொடிய நஞ்சு, அதற்கடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியாகப் பச்சை.

அக்கா தோட்டம் அந்த வருடம் போனது போனதுதான். செடிகளைப் பிடுங்கி எரித்தோம், எருக்குழியில் போடவில்லை. அந்தப் புகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மாமா சொன்னதுதான் திருப்பம். மாமா முப்பது வருடம் காப்பி எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். "மாப்ள, உன் மருந்து வேருக்கு நல்லதுதான், நான் இல்லேங்கல. ஆனா இந்தப் பனிக்கு இலைமேல போர்வை வேணும். நாங்க காப்பிக்கு என்ன அடிச்சோம்? மயில்துத்தமும் சுண்ணாம்பும்தானே?"

போர்டோ கலவை, அதாவது செம்பு உப்பான மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் காப்பி ஏறின மலை இது, இலைத்துரு நோய்க்கு மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை போர்டோ அடிப்பது இங்கே எஸ்டேட் ஆட்களுக்குக் கை வந்த வேலை. காப்பிக்கு அரை சதவீதம், சில்வர் ஓக் மரத்தில் ஏறுகிற மிளகுக் கொடிக்கு வாடல் வராமல் இருக்க ஒரு சதவீதம். மிளகை வாட வைப்பதும் பைட்டோப்தோரா வகைதான் என்பதை யோசித்தால், மாமாவின் கணக்கு எவ்வளவு சரி என்று தெரியும். பிரான்சில் போர்டோ பக்கம் திராட்சையை வழிப்போக்கர்கள் பறிக்காமல் இருக்கச் சாலையோரக் கொடிகளில் இந்த நீலக் கலவையைத் தெளித்து வைத்தார்களாம், அந்தக் கொடிகளுக்கு மட்டும் அடிச்சாம்பல் நோய் வராததைக் கவனித்து மில்லார்டே என்பவர் 1885இல் எழுதினார்.

பங்குனியில் போட்ட தக்காளிக்கு மாமா முன்னால் நின்று கலந்தார், நான் பார்த்து எழுதி வைத்துக்கொண்டேன். இளம் செடிக்கு அரை சதவீதம்தான். பத்து லிட்டருக்கு மயில்துத்தம் 50 கிராம், சுட்ட சுண்ணாம்பு 50 கிராம். துத்தத்தை முதல் நாள் ராத்திரியே துணியில் கட்டி ஐந்து லிட்டர் தண்ணீரில் தொங்கவிட்டார், காலையில் முழுக்கக் கரைந்திருந்தது. சுண்ணாம்பை இன்னொரு வாளியில் ஐந்து லிட்டரில் நீர்த்து வடிகட்டினார். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது, ஊற்றும்போது ஒருவர் குச்சியால் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளி அல்லது மண்பானை மட்டும், இரும்புப் பாத்திரம் கூடவே கூடாது. கலந்ததும் பளபளவென்று தேய்த்த கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுத்தார். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சி நிற்கிறது என்று அர்த்தம், இலை பொசுங்கும், இன்னும் சுண்ணாம்புத் தண்ணீர் விட வேண்டும். அன்றைக்கே அடித்துத் தீர்த்துவிட வேண்டும், மறுநாள் வைத்தால் வீண். இரண்டு பொருளுக்கும் சேர்த்து ஆன செலவு ஒரு டீ, தட்டுவடை செட் விலைகூட வரவில்லை.

அதோடு நிற்கவில்லை. நான்கு மூங்கில் நட்டு, தக்காளி வரிசைக்கு மேலே மட்டும் கெட்டியான பாலித்தீன் ஷீட்டைக் கூரையாகக் கட்டினோம், பக்கவாட்டில் காற்றுக்குத் திறந்துவிட்டு. உண்மையைச் சொன்னால் இந்த ஒரு வருடத்தில் நோய்க்கு எதிராக நான் வாங்கினவற்றிலேயே மலைக்கு மிகவும் உபயோகமானது எந்த மருந்துமில்லை, அந்த ஷீட்தான். இலை நனையாவிட்டால் வித்து முளைக்க வழியில்லை. ஆனி மழை வந்தது, பனியும் வந்தது, கூரைக்கு வெளியே விட்ட இரண்டு செடியில் கருகல் விழுந்தது, உள்ளே இருந்தவற்றில் ஓரத்துச் செடிகளில் மட்டும் ஒன்றிரண்டு இலை, கிள்ளிப் போட்டதோடு சரி. அக்கா போன வாரம் கூடை நிறைய தக்காளி கொடுத்தனுப்பினார், நாங்கள் தொக்கு கிண்டினோம்.

இங்கே ஒரு விஷயத்தில் நிறையப் பேர் காசை வீணாக்குகிறார்கள், நானும் கிட்டத்தட்டச் செய்திருப்பேன். செம்பு நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று பார்க்காது. போர்டோவோ காப்பர் ஆக்ஸிகுளோரைடோ அடித்த கையோடு சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா போட்டால் 200 ரூபாயைக் கொன்று புதைத்த மாதிரிதான். குறைந்தது பதினைந்து நாள் இடைவெளி விடுகிறோம், மண்ணுக்கு உயிர் மருந்து, இலைக்கு மட்டும் செம்பு, அதுவும் மழைக்கு முன்னால் பார்த்து. செம்பு மண்ணில் தங்கும், கரைந்து போகாது, வருடக்கணக்கில் சேர்ந்தால் மண்புழுவுக்கு ஆகாது. அதனால் சேலத்து மாடியில் நான் போர்டோவை இதுவரை தொடவில்லை, தேவையும் வரவில்லை. மாடியில் முன்பருவக் கருகலுக்கு அடி இலைகளை முழங்கை உயரம் வரை கழித்துவிடுவதும், பை மண்மேல் காய்ந்த சருகை மூடாக்காகப் போட்டு மழைத்துளி மண்ணைத் தெறிக்காமல் பார்த்துக்கொள்வதும், சாயங்காலம் இலைமேல் தண்ணீர் அடிக்கிற பழக்கத்தை விட்டுக் காலையில் வேருக்கு மட்டும் ஊற்றுவதும் போதுமாக இருந்தது. தக்காளி இருந்த பையில் உடனே கத்தரியோ மிளகாயோ போடாமல் வெண்டையோ கீரையோ மாற்றிப் போடுகிறேன்.

உபயோகிக்கும்போது வந்த சின்னச் சின்ன இடைஞ்சல்களையும் சொல்ல வேண்டும். டால்க் கரையாது, அடியில் தங்கி ஸ்பிரேயர் மூக்கை அடைத்துக்கொண்டே இருக்கும், பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டினால்தான் ஓடும். இலையில் வெள்ளைத் திட்டு நிற்கும், அதைச் சாம்பல் நோய் என்று பயந்து போட்டோ அனுப்பினார் ஒரு நண்பர், விரலால் துடைத்துப் பார்க்கச் சொன்னேன். திரவமாக வருவதையும் ஒருமுறை வாங்கினேன், அடைப்பு இல்லை, ஆயுளும் அதிகம், விலையும் அதிகம். சேலத்துக் குழாயில் வருவது மேட்டூர் காவிரித் தண்ணீர், குளோரின் போட்டு வருகிறது, அதில் நேராகக் கரைத்தால் பாக்டீரியாவுக்கு ஆபத்து, வாளியில் பிடித்து ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டுக் கரைக்கிறேன். உச்சி வெயிலில் அடிக்கவே கூடாது. பிரித்த பொட்டலத்தை ரப்பர் பேண்ட் போட்டு மாடிப்படிக்குக் கீழே மண்பானையில் வைக்கிறேன், மொட்டைமாடி ஷெட்டில் வைத்த ஒன்று சித்திரையில் வெந்தேபோயிருக்கும் என்று நினைக்கிறேன், அதைப் போட்ட தட்டில் நாற்றழுகல் வந்தது.

இன்னொன்று. மிளகாய் இலை சுருண்டால், வெண்டை இலை நரம்பு மஞ்சளாக வலை மாதிரி தெரிந்தால், அதற்கு இந்த எதுவும் கேட்காது. அவை பெரும்பாலும் வைரஸ், இலைச்சுருட்டையும் மஞ்சள் நரம்புத் தேமலும் வெள்ளை ஈ கொண்டுவருவது, மிளகாய் இலை பேன், சிலந்திப் பூச்சியாலும் சுருளும். பூஞ்சை மருந்தை வாங்கி அதன்மேல் அடிக்காதீர்கள்.

மதிப்பெண் கேட்டால், டிரைக்கோடெர்மாவுக்கு நாற்று விஷயத்தில் பத்துக்கு ஒன்பது கொடுப்பேன், புதிய பொட்டலமாக இருந்தால். சூடோமோனாஸுக்கு வேருக்கு எட்டு, இலைக்கு நான்கு, மலையில் மூடுபனி மாதங்களில் இலைக்கு ஒன்றுகூடக் கொடுக்க மனம் வரவில்லை. நனையும் கந்தகம் வெண்டைக்கு ஏழு, பனிக்காலத்தில் மட்டும். போர்டோ, ஏற்காட்டில் எட்டு, ஆனால் பக்கத்தில் கத்தி முக்கிப் பார்க்கத் தெரிந்த ஒரு மாமா இருந்தால். கார்பெண்டாசிமை நான் வீட்டுக் காய்க்கு வாங்கமாட்டேன்.

இந்த ஆடிக்கு வாங்கின பொட்டலத்தில் தயாரிப்புத் தேதி போன மாதம், ஸ்டிக்கர் வேறு பக்கம் ஒட்டியிருக்கிறது. மிளகாய் விதை நேற்றுப் புரட்டி நிழலில் காய்கிறது. எரு சாக்குக்குள் ஆறு நாளாக இருக்கிறது, இன்று காலை திறந்து பார்த்தேன், வெள்ளை விட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதில் பாதியை மேலே எடுத்துப் போகிறேன், அக்கா இந்த முறை ஷீட்டை பீன்ஸ் வரிசைக்கும் நீட்ட வேண்டும் என்கிறார், மூங்கில் போதுமா என்று மாமா அளந்துகொண்டிருக்கிறார்.